திரைக்கு ஒத்த உருவங்கள்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காயல்பட்டினத்தில் நம் சகோதரியின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கூடத்தை அடுத்த சிற்றறையில், கிதாபு அலமாரிக்கு எதிர்ச்சுவர் ஓரமாக, ஆளுயரக் கண்ணாடிப் பேழை ஒன்று புதிதாக நின்றது. அதனுள் ஏறத்தாழ ஓரடி உயரமுள்ள ஐந்து உருவங்கள். நீல உடையும் சிவப்புப் போர்வையும் அணிந்த சூப்பர்மேன், சிலந்திவலை படர்ந்த செவ்வாடைக்காரரான ஸ்பைடர்-மேன், செம்மையும் பொன்மையும் கலந்த கவசத்துடன் அயர்ன் மேன், கரிய பேட்மேன், அவருக்குப் பக்கத்தில், வெள்ளை பூசிய முகமும் கிழிந்து தைத்த வாயுமாக ஜோக்கர். ஹாங்காங்கில் மாணிக்க வணிகத்தில் இருக்கும் நம் மருமகன், விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து சேர்த்தவை இவை.

"காக்கா, இவன் ஒரு பொம்மைக்குக் கொடுத்த காசிலே ஒரு குமர் காரியத்துக்கு உதவியிருக்கலாம்" என்று சகோதரி குறைபட்டுக்கொண்டார்.

"பொம்மைன்னு சொல்லாதீங்க உம்மா. மாமா, நீங்களே பாருங்க. இது ஸ்க்ரீன் அக்யுரேட்" என்றார் மருமகன்.

திரையில் கண்டவாறே துல்லியமாக அமைந்தது என்பது அச்சொல்லின் பொருள். செலவு தகுமா தகாதா என்பது குடும்பத்து விவகாரம். அதை அன்று பகலுணவின்போதே ஒருவாறு பேசி முடித்தோம். ஆனால் 'திரைக்கு ஒத்தது' என்ற அந்த உரைகல் நம்மை விட்டபாடில்லை. உலகெங்கும் பல்லாயிரவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு வாங்கும் ஒரு கலைப்பொருளுக்கு, அவர்களே வகுத்துக்கொண்ட அளவுகோல் இது ஒன்றுதான். அந்த அளவுகோல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது திறனாய்வாளன் செய்யத்தக்க வேலையே. 'பொம்மைக்கு ஒரு திறனாய்வா?' என்று புருவம் உயர்த்தும் வாசக அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்.

மருமகனின் வாதம் புதியதன்று. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்னும் ஓரடி உயரப் போர்வீரனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, ஆண்பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடச் சம்மதிப்பார்களா என்ற அச்சம் அந்நிறுவனத்தாருக்கு இருந்தது. ஆகவே 'பொம்மை' என்ற சொல்லை அறவே விலக்கி, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற புதுப்பெயரைச் சூட்டினர். பொம்மையைப் பொம்மை என்று சொல்லாதே என்ற கண்டிப்போடுதான் இக்கலை பிறந்தது என்று சொன்னாலும் பிழையாகாது.

1972 முதல் மீகோ என்ற நிறுவனம் எட்டங்குல உயரத்தில், துணி உடுத்திய வீரநாயகர்களை விற்றது. அவர்களுக்கு ஒப்புநோக்கத் திரை இல்லை. சித்திரக்கதைப் புத்தகம் இருந்தது. புத்தகத்திலுள்ள முகமோ நாலு கோடு. அந்நாளில் யாரும் துல்லியம் பேசவில்லை. 1978-ல் ரிச்சர்ட் டானர் இயக்கிய 'சூப்பர்மேன்' வெளிவந்து, கிறிஸ்டோபர் ரீவ் என்ற ஒரு குறிப்பிட்ட மனிதரின் தாடையும் புன்னகையும் அப்பாத்திரத்தின் மீது பதிந்த பிறகே, 'இது அவரைப் போல் இருக்கிறதா?' என்ற கேள்வி பொருளுடையதாயிற்று.

கேள்வி பிறந்ததே தவிர, விடை தர வணிகர்கள் அவசரப்படவில்லை. இதற்குச் சேகரிப்போர் எல்லோரும் காட்டும் உதாரணம் 1992-ல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துப் பென்குவின். டிம் பர்ட்டனின் அப்படத்தில் டேனி டிவீட்டோ ஏற்ற பென்குவின், பெற்றோர் பாதாளச் சாக்கடையில் வீசிய குழந்தை வளர்ந்து ஆளானது. வெளிறிய தோல், துடுப்புப் போல் ஒட்டிய விரல்கள், வாயோரம் ஒழுகும் கருநீர். பார்த்தவர் அருவருப்போடு இரக்கமும் கொள்ளும்படி சமைத்த பாத்திரம் அது. கென்னர் நிறுவனம் அப்படத்துக்காக விற்ற பென்குவினோ, எட்டாண்டுகளுக்கு முன் தொடங்கிய 'சூப்பர் பவர்ஸ்' வரிசையில் வந்த பழைய வார்ப்பையே எடுத்து வண்ணம் மாற்றியது. உயர்ந்த தொப்பி அணிந்த, சித்திரக்கதையிலிருந்து இறங்கிய துப்புரவான குள்ளக் கனவான். படத்தில் தலையே காட்டாத ராபினுக்கும் அவ்வரிசையில் ஓர் உருவம் இருந்தது.

இதைப் பித்தலாட்டம் என்று சேகரிப்போர் இன்றளவும் ஏசுகின்றனர். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். புதிய வார்ப்புக்குப் பெருஞ்செலவு பிடிக்கும். பழையது கிடங்கில் இருந்தது. வணிகன் கண்ணுக்கு அது போதிய காரணம். அன்றியும், அப்படம் சிறுவர்களுக்கு ஆகாத அளவு கொடூரமாக இருப்பதாகவும், அதைத் துரித உணவுக் கடைகளில் சிறுவர் உணவோடு சேர்த்து விளம்பரப்படுத்தியது தகாதென்றும் அமெரிக்கப் பெற்றோர் பலர் அந்நாளில் கண்டித்தனர். சாக்கடைப் பென்குவினை அப்படியே வடித்து ஆறு வயதுப் பிள்ளை கையில் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்? துல்லியமின்மை அங்கே, யாரும் திட்டமிடாமலேயே, பிள்ளைக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலையாகத் தொங்கியது. ஆயினும் அப்படத்தைப் பற்றி அவ்வுருவம் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். டிவீட்டோவின் இரங்கத்தக்க விலங்கை அது அறியவே அறியாது.

இந்நிலை மாறியது ஹாங்காங்கில். 2000-ஆம் ஆண்டு ஹோவர்ட் சான் என்பவர் நிறுவிய ஹாட் டாய்ஸ், தொடக்கத்தில் போர்வீரர் உருவங்களைச் செய்து, பின்னர் திரைப்படப் பாத்திரங்களுக்கு வந்தது. மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது இவற்றின் அளவு. நம் ஊர் வணிகர்கள் தொழுகைக்குச் செல்லும் கௌலூன் பள்ளிவாசல் நிற்கும் அதே நாதன் சாலையில், நிலத்தடி இரயிலில் இரண்டு நிறுத்தம் வடக்கே போய் இறங்கிச் சற்று நடந்தால், இன்ஸ் பாயிண்ட் என்னும் கட்டிடம் வரும். மாடிக்கு மாடி சிறு சிறு கடைகள். கடைதோறும் கண்ணாடிப் பெட்டிகளில் இவ்வுருவங்கள். மருமகனின் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் கழிகின்றன என்பதை அவருடைய உம்மா இக்கட்டுரையைப் படித்துத்தான் அறியப்போகிறார். அதற்காக அவரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கோருகிறோம்.

ஹாட் டாய்ஸ் உருவங்களில் நாம் முதலில் மதித்தது ஒரு சிறு செய்தி. தலையை வடித்தவர் இன்னார், வண்ணம் தீட்டியவர் இன்னார் என்று பெட்டியிலேயே பெயர் பொறிக்கிறார்கள். யூலி என்ற சிற்பியின் பெயரும் ஜே.சி. ஹாங் என்ற வண்ணக் கலைஞரின் பெயரும், நூலாசிரியர் பெயர்களைப் போல், சேகரிப்போர் நாவில் புழங்குகின்றன. பொம்மை செய்தவனுக்குப் பெயர் கொடுத்த அன்றே பொம்மைக்குத் திறனாய்வு தேவைப்பட்டுவிட்டது. ஒன்றின் விலை இன்று 250 அமெரிக்க டாலருக்கும் மேல் என்பதும் திறனாய்வின் தேவையைக் கூட்டுகிறதே ஒழியக் குறைக்கவில்லை.

மருமகன் மதிப்பிடும் முறையை அன்று பிற்பகல் முழுதும் உடனிருந்து பார்த்தோம். கணினியில் படத்தை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்துகிறார். கல் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, உருவத்தின் மார்பிலுள்ள சின்னத்தின் வளைவை, இடைக்கச்சின் அகலத்தை, காலணியின் மேல்விளிம்பு முழங்காலுக்குக் கீழே எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். ஏட்டுச் சுவடிகளை அருகருகே விரித்து வைத்துப் பாடபேதம் காணும் புலவர்களை நாம் இளமையில் பார்த்திருக்கிறோம். அந்தப் பொறுமை, அந்தப் பிடிவாதம், ஒரு புள்ளி தவறினால் வரும் அந்தச் சினம் எல்லாம் இங்கேயும் இருந்தன. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. இக்காலத்து இளைஞர் ஒருவர் ஒரு பொருளை இரண்டு மணி நேரம் இமைகொட்டாமல் பார்க்கிறார் என்றால், அதுவே பெரிது.

ஆனால் சுவடி ஒப்பிடுவோனுக்கு ஒரு கவலை உண்டு; மூலம் எது? அக்கவலை மருமகனுக்கு இல்லை. மூலம் திரைதான் என்று அவர் உறுதியாக நம்புகிறார். நம் ஐயம் தொடங்குவது இவ்விடத்தில்.

சூப்பர்மேனின் நீலத்தையே எடுத்துக்கொள்வோம். ரீவ் பறக்கும் காட்சிகளில் ஒரு சிக்கல் இருந்தது. நீலத் திரைக்கு முன் நடிகரை நிறுத்திப் படம் பிடித்து, பின்னர் நீலத்தை நீக்கி வானத்தைப் பொருத்துவது அக்காலத்து முறை. நீல உடையணிந்தவரை நீலத் திரைக்கு முன் நிறுத்தினால், திரையோடு உடையும் மறைந்துபோகும். ஆகவே அக்காட்சிகளுக்கெனப் பச்சை கலந்த வெளிர்நீலத்தில் தனி உடை தைத்து, படப்பிடிப்புக்குப் பின் நிறத்தைத் திருத்தினார்கள். அதாவது, திரையில் ஒரே நீலமாக நாம் கண்டதன் அடியில் இரு வேறு நிறத் துணிகள் இருந்தன. இப்போது பொம்மை செய்பவன் எத்துணியைப் பின்பற்றுவான்? உடையலங்காரக் கலைஞர் இவான் பிளேக் தைத்த ஆடையையா? ஆய்வுக்கூடத்தில் திருத்தப்பட்ட நீலத்தையா? அல்லது பிற்காலத்தில் வீட்டுத் திரைகளுக்காக மீண்டும் மீண்டும் மெருகேற்றி வெளியிடும்போது ஒவ்வொரு முறையும் சற்றே மாறிய நீலங்களில் ஒன்றையா? பேழைக்குள் இருந்த சூப்பர்மேனின் நீலம் மருமகனின் கணினித் திரையிலுள்ள நீலத்தோடு ஒத்தது. நம் கைப்பேசியில் அதே காட்சியைப் போட்டுக் காட்டியபோது ஒக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

ஸ்பைடர்-மேன் இன்னொரு வகைச் சிக்கல். 2002-ல் அப்படம் தமிழும் பேசிக்கொண்டு வந்தபோது மருமகனுக்கு எட்டு வயது. அவரைத் திரையரங்குக்கு அழைத்துச் சென்ற குற்றம் நம்முடையது. ஜேம்ஸ் அக்கிசன் வடிவமைத்த அவ்வுடையில் வலைக்கோடுகள் வெள்ளிநிறத்தில் புடைத்து நிற்கும். வெயிலில் அவை மின்னும். இரவுக் காட்சியில் ஏறக்குறையக் கருமையாகவே தோன்றும். நிறுத்திவைத்த ஒரு சட்டத்தில் வெள்ளி; நாற்பது நிமிடம் கழித்து இன்னொரு சட்டத்தில் கருமை. தூரிகை பிடித்தவன் ஒரு நிறத்தைத்தான் தீட்ட முடியும். அவன் வெள்ளியைத் தேர்ந்தால் இரவைக் கைவிட்டான். கருமையைத் தேர்ந்தால் பகலைக் கைவிட்டான். இரண்டுக்கும் நடுவே மங்கிய வெள்ளியைத் தீட்டினால், எந்தச் சட்டத்திலும் இல்லாத, ஆனால் படம் பார்த்து வீடு திரும்பியவன் நினைவிலுள்ள நிறம் கிடைக்கக்கூடும். நம் எளிய கருத்தில் இம்மூன்றாவது வழியே சிறந்தது. நிறுத்திப் பார்க்கும் கண்ணுக்கு அது பிழை. ஓடவிட்டுப் பார்த்த கண்ணுக்கு அதுவே மெய்.

கவசக்காரர் விஷயம் மேலும் வேடிக்கை. 2008-ல் வந்த முதல் 'அயர்ன் மேன்' படத்துக்கு ஸ்டான் வின்ஸ்டன் கலைக்கூடத்தார் உண்மையாகவே அணியத்தக்க கவசம் செய்தனர். கணினியில் வரைந்த கவசமும் அதனோடு கலந்து வந்தது. பின்வந்த படங்களில் கணினியின் பங்கு பெருகி, செய்த கவசத்தின் பங்கு சுருங்கியது. 2019-ன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் காலப்பயணத்துக்காக அனைவரும் அணியும் வெண்சிவப்பு உடை, படப்பிடிப்புத் தளத்தில் இருந்ததே இல்லை, முழுவதும் கணினியில் பின்னர் உடுத்தியது. கணினிக் கவசத்துக்கு ஓர் ஒழுக்கக்கேடு உண்டு. கையை மடக்கும்போது ஒரு தகடு மற்றொன்றுக்குள் புகுந்து மறைந்துகொள்ளும், யாரும் கேட்பதில்லை. கையால் செய்த பொம்மையில் தகடு தகடாகவே இருக்கும். இடம் விடாவிட்டால் முழங்கை மடங்காது. ஆகவே சிற்பி முழங்கையைச் சற்றுப் பிளக்கிறான், தோளைச் சற்று ஒடுக்குகிறான். 'தோள் ஒடுங்கிவிட்டது, துல்லியம் போயிற்று' என்று குறை கூறுகின்றனர். திரையிலுள்ளது நடக்க இயலாததொன்று, பொம்மையிலுள்ளது நடக்கக்கூடியது. எது யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதே இங்குக் குழம்பிவிடுகிறது.

திரை தன் சொல்லையே மாற்றிக்கொள்வதும் உண்டு. 2018-ன் 'இன்ஃபினிட்டி வார்' முன்னோட்டத்தில் வகாண்டாப் போர்க்களத்தில் ஹல்க் ஓடிவரக் கண்டோம். படத்தில் அக்காட்சி இல்லை. ஹல்க், ஹல்க்பஸ்டர் என்னும் பெருங்கவசத்தைப் பிளந்து வெளிவரும் காட்சியும் படத்திலிருந்து நீங்கிற்று. ஆனால் அவ்வாறு பிளந்து வருவதாகவே ஃபங்கோ நிறுவனத்தின் பொம்மை கடைக்கு வந்துவிட்டது. படம் முடியும் முன்பே வரைபடங்களைக் கொண்டு பொம்மை செய்யத் தொடங்கினால்தான் படத்தோடு பொம்மையும் வெளிவர முடியும். எனவே பொம்மைக்காரன் பின்பற்றுவது படத்தை அல்ல, படம் எவ்வாறு வரப்போகிறது என்று ஒரு பருவத்தில் எண்ணியிருந்தார்களோ அந்த எண்ணத்தை. இவ்வுண்மையை எடுத்துக்காட்டியபோது மருமகன் சொன்ன விடை நமக்குப் பிடித்தது: "அப்ப அந்தப் பொம்மைதான் மாமா, வெட்டுன காட்சிக்கு மிச்சமிருக்கிற ஒரே சாட்சி."

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருவத்தை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம். துணியின் நூலை அவ்வாறு சுருக்க இயலாது. சேலை முந்தானையில் விழும் மடிப்பு கைக்குட்டையில் விழாது என்பதை நம் பெண்மக்கள் யாவரும் அறிவர். துணி தன் கனத்தால் தொங்கி மடிகிறது. சிறு துண்டுக்குக் கனம் ஏது? அதனால்தான் சிறு சூப்பர்மேனின் போர்வை முதுகில் அட்டை போல் நிற்கிறது. இதைச் சமாளிக்க விளிம்பில் மெல்லிய கம்பி கோத்து, வேண்டியவாறு வளைத்துக்கொள்ளச் செய்கின்றனர். கம்பி வைத்த போர்வை பறப்பதுபோல் நிற்கும், தொங்குவதுபோல் தொங்காது. பேட்மேனுக்கு இது பொருந்துகிறது. அவருடைய போர்வைக்குத் திரையிலேயே விறைக்கும் குணம் உண்டு. சூப்பர்மேனுக்குப் பொருந்தவில்லை.

செயற்கைத் தோலின் கதை இதைவிடத் துயரமானது. பேழையின் அடித்தட்டில் மூடிய பெட்டிக்குள் ஆறாவது உருவம் ஒன்று இருந்தது. எந்த நிறுவனத்தது என்று சொல்வது அவசியமில்லை. வாங்கிய அன்று அதன் தோலங்கி திரையிலுள்ளதைப் போலவே கசங்கி மின்னியதாம். பாலியூரித்தேன் பூசிய துணி ஈரக் காற்றில் மெல்ல மெல்லச் சிதையும் இயல்புடையது; நம் கடற்கரை ஊரின் காற்றோ ஈரத்துக்குப் பேர்போனது. நான்காம் ஆண்டில் அங்கி செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. மருமகன் அதை நமக்குக் காட்டவே தயங்கினார். துல்லியத்துக்கு ஆயுட்காலம் எவ்வளவு என்று எந்த மதிப்புரையிலும் எழுதுவதில்லை. வாங்கிய நாளன்று நிழற்படம் எடுத்துத் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். ஒரு பொருள் பத்தாண்டு நின்ற பிறகு எப்படி இருக்கிறது என்பதும் அதன் தரத்தில் சேர்ந்ததே. தையலும் மூட்டும் வெளித்தெரியாதபடி உடல்முழுதும் மெல்லுறை போர்த்திய உருவங்களுக்கும் இதே விதி. பார்வைக்கு மெய்யான உடல், ஆனால் முழங்காலை மடக்கி நெடுநாள் வைத்தால் உறையில் சுருக்கம் நிலைத்துவிடும். ஆகவே வாங்கியவர் அவற்றை மடக்குவதே இல்லை. பெயரில் மட்டும் 'ஆக்‌ஷன்'!

இனி முகம். இதில்தான் இக்கலை உண்மையிலேயே உயர்ந்திருக்கிறது என்று தயக்கமின்றிச் சொல்வோம். ஆறங்குல உருவங்களில் 2010-களின் பிற்பகுதி முதல் முகத்தை அச்சிடும் முறை பரவியிருக்கிறது. கையெட்டும் தூரத்தில் ஏற்கத்தக்கது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் செய்தித்தாள் படம்போல் புள்ளிகள். ஓரடி உருவங்களில் தூரிகை இன்னும் ஆள்கிறது. ஜோக்கரின் முகத்தை நாம் நெடுநேரம் பார்த்தோம். ஹீத் லெட்ஜரின் ஜோக்கருக்கு 'தி டார்க் நைட்' படத்தில் நிலையான ஒரு முகம் கிடையாது. ஒரு காட்சியில் அப்பிக்கிடக்கும் வெள்ளைப் பூச்சு அடுத்ததில் வியர்வையில் வழிந்து, நெற்றிச் சுருக்கங்களில் வெடித்து, கண்ணைச் சுற்றிய கருமை கன்னத்துக்கு இறங்கியிருக்கும். எக்காட்சியின் ஜோக்கர் இவர்? மருமகன் விசாரணை அறைக் காட்சி என்றார். நமக்கு எக்காட்சியும் நினைவுக்கு வரவில்லை, ஆனால் அம்மனிதனே நினைவுக்கு வந்தான். பூச்சின் அடியில் தோலின் சிவப்பு கசிவதைத் தீட்டிய கை, நிறுத்திய சட்டத்தைப் படியெடுத்த கையன்று. தலைக்குள் அமைந்த சிறு பொறியால் கண்மணிகளைத் திருப்பவும் முடிகிறது. நேரே பார்க்க வைத்தால் வெறும் பொம்மை. அரைக்கண்ணால் பக்கத்திலிருக்கும் பேட்மேனைப் பார்க்க வைத்தால், அறைக்குள் ஒரு சங்கடம் புகுந்துவிடுகிறது.

சூப்பர்மேன் முகமோ எல்லா அளவிலும் சரியாக இருந்தும் நம்மைக் கவரவில்லை. தாடை சரி, நெற்றியில் சுருண்ட முடி சரி. கல் வணிகருக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. மாசே இல்லாத மாணிக்கத்தைக் கண்டால் அவர்களுக்கு முதலில் வருவது ஐயம்தான். எங்கே குறை என்று தேடியபோது அப்படத்தின் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. லோயிஸின் இல்லத்தில், அவள் உள்ளறையில் இருக்கையில், கிளார்க் கென்ட் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. உண்மையைச் சொல்லிவிட வாய் திறக்கிறார். சொல்ல மனமின்றிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீண்டும் கூனிப்போகிறார். உடை மாறவில்லை, முகம் மாறவில்லை, ஒப்பனை மாறவில்லை. ஒரே ஆள் கண்ணெதிரே இரு மனிதராகிறார். ரீவின் கலை அவர் தாடையில் இல்லை, அவர் நிற்கும் முறையில் இருந்தது. பேழைக்குள் இருந்த உருவமோ பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு நிற்கும் மாணவன்போல் இரு கையும் தொடையொட்டி நின்றது. இக்குறையைச் சிற்பி மேல் சாட்ட வழியில்லை. முப்பது மூட்டுகள் இருக்கலாம். அவற்றைத் திருப்ப வேண்டியவர் உடைமையாளர். நீலத்தின் சாயலில் நூலிழை வேறுபாட்டையும் கண்டுபிடிக்கும் நம் மருமகன், அவ்வுருவத்தை வாங்கி இரண்டாண்டில் ஒருமுறைகூடத் தொட்டு நிறுத்தியதில்லை. கைரேகை படிந்துவிடுமாம்.

நம் இல்லங்களில் உருவப் பொம்மை என்றதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. அதைத் தொடாமல் செல்வது நேர்மையாகாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் சிறகுடைய குதிரை ஒன்று இருந்ததும் ஹதீஸ் நூல்களில் வந்துள்ளன. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு அதைக்கொண்டு இடம் தந்த உலமாக்கள் உண்டு. அலங்காரத்துக்கென நிறுத்தும் முழு உருவத்துக்கு அவ்விடத்தைத் தராதோரும் உண்டு. தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் விளையாடுவதற்கா, நிறுத்திவைப்பதற்கா என்ற வினா, நம் சகோதரியின் வினாவும்கூட, திறனாய்வின் வினாவாகவும் இருப்பதைக் கண்டு வியந்தோம்.

அமெரிக்க நீதிமன்றமும் இதையொட்டிய ஒரு வழக்கைச் சந்தித்திருக்கிறது. அந்நாட்டின் அந்நாளையச் சுங்கவிதிப்படி மனித உருவம் 'பொம்மை'. அதற்கு வரி நூற்றுக்கு 12 ஆக இருந்தது. மனிதரல்லாத உருவம் 'விளையாட்டுப் பொருள்', அதற்கு 6.8 ஆக இருந்தது. மார்வெலைச் சேர்ந்த டாய் பிஸ் நிறுவனம், தன் எக்ஸ்-மென் உருவங்கள் மனிதரைக் குறிப்பனவல்ல என்று வாதாடி 2003-ல் வென்றது. அந்த எக்ஸ்-மென் கதைகள் பல்லாண்டாக மன்றாடி வந்ததோ, எங்களையும் மனிதராக நடத்துங்கள் என்பதற்காகவே. தம் பாத்திரங்களின் மையக் கருத்தையே வரிக்காக மறுத்தவர்கள், இடைக்கச்சின் அகலத்தைத் துல்லியமாகச் செய்து என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டோம், மருமகன் சிரித்துவிட்டு, "அது வக்கீல் வேலை மாமா, சிற்பி வேலை இல்லே" என்றார். சரிதான்.

ஐந்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விற்கலாம் என்று அவர் நம்மைக் கேட்டார். உம்மாவுக்குக் கொடுத்த வாக்கின்படி இரண்டை விற்றாக வேண்டுமாம். ஜோக்கரை விற்காதீர் என்றோம். ஸ்பைடர்-மேனை விற்கச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அன்று திரையரங்கில் நம் மடியில் அமர்ந்திருந்த எட்டு வயதுப் பிள்ளை அதில் இருக்கிறது. அயர்ன் மேனையும் பேட்மேனையும் விற்கலாம். அவை பழுதற்ற பொருள்கள், நல்ல விலைக்குப் போகும். சூப்பர்மேனைப் பற்றி மட்டும் ஒரு நிபந்தனை விதித்தோம்: முதலில் அதை வெளியே எடுத்து ஒழுங்காக நிற்க வையுங்கள், பிறகு பேசுவோம்.

அந்தக் காட்சியை மீண்டும் போட்டார். இம்முறை நிறுத்தவில்லை, ஓடவிட்டார். மூன்று முறை பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு உருவத்தை எடுத்தார். இடது காலில் கனத்தை ஏற்றி, வலது முழங்காலைச் சிறிதே தளர்த்தி, இடுப்பை ஓர் இழை சாய்த்து, தலையைக் கேட்பவர் பக்கம் திருப்பி, போர்வைக் கம்பியை உள்ளே மடித்துத் தோளிலிருந்து சரியவிட்டார். அரைமணி நேரம் ஆயிற்று. அந்த வழுவழுத்த முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆயினும் அதில் ஒரு வெட்கம் கலந்த துணிவு வந்து சேர்ந்திருந்தது. சூப்பர்மேன் விற்பனைக்கில்லை என்று இருவருமாக முடிவு செய்தோம்.

தேநீர் கொண்டுவந்த சகோதரி பேழையை உற்றுப் பார்த்தார். "ஏன் இது இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது? நேரா நிறுத்து வாப்பா, கீழே விழுந்து தொலையப் போகுது. இருபத்தையாயிரம் ரூபா" என்றார். அஸருக்கு பாங்கு ஒலித்தது. மருமகன் பேழையின் கதவை மெல்லச் சாத்தினார், நிறுத்தியதை மாற்றவில்லை.